புதுப்பிப்பு: எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் விறகடுப்புப் புகை வீட்டுக்குள் இறங்கியது – சரியாகிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: பொள்ளாச்சிப் பக்கம் புது வீடு, புகைபோக்கி வைத்த விறகடுப்பு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் புகை மேலே போகாமல் உள்ளே இறங்குகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

முதலில் புகைபோக்கியை 2 அடி உயர்த்தினேன். பெரிய மாற்றமில்லை, செலவுதான். கோபி அண்ணன் சொன்னதுதான் பலித்தது. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லை. அதனால் புகைபோக்கி வழியாகவே காற்று இறங்கியிருக்கிறது. அவர் சொன்னபடி ஊதுபத்தியை அடுப்பு வாயில் பிடித்தேன். புகை என் முகத்துக்கு வந்தது. பொடக்காலிக் (கொல்லைப்புறக்) கதவை நாலு விரல் திறந்ததும் அப்படியே அடுப்புக்குள் திரும்பிவிட்டது! அப்புறம் மேஸ்திரியை வைத்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தரையை ஒட்டி 6 அங்குலக் குழாய் பதித்து, எலிக்குப் பயந்து கம்பிவலையும் அடித்தாயிற்று.

எதிர்பாராதது ஒன்று: பாத்ரூம் ஃபேனும் இதே வேலையைச் செய்கிறது, கதவு சாத்தியிருந்தாலும். இரண்டும் ஓடினால் குழாய் போதவில்லை. அடுப்பு எரியும்போது ஒன்றுதான் போடுகிறோம்.

அம்மா தேங்காய் மட்டைத் தணலை அப்படியே விட்டுப் படுப்பார். தணலில் புகை தெரியாது, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையும் கிடையாது. அதற்கான அலாரம் ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். அடுப்பு தணலாகிவிட்டால், அது அணையும்வரை எந்த ஃபேனையும் யாரும் போடுவதில்லை.