மின்ட்ல பழைய கலியாண விசிடி கொப்பி பண்ண ஏலாமக் கிடக்கு, எம்பி4 ஆக்க என்ன வழி?

ஹம்டன்_லேன்:

எல்லாருக்கும் வணக்கம், வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். வீட்டில ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய டிஸ்க் இருக்கு, அம்மா அப்பான்ர கலியாணம் (அது முதல் வீடியோ கசற்றில இருந்தது, பிறகு ஸ்டூடியோ ஒண்டில குடுத்து விசிடி ஆக்கினது), அக்கான்ர சாமத்திய வீடு, அம்மப்பான்ர அறுபதாம் கலியாணம், இப்பிடி எல்லாம். பாதி விசிடி, பாதி டிவிடி. அம்மப்பா இப்ப இல்லை, அவர் கதைக்கிறது கேக்கிறதெண்டா இந்த டிஸ்க்குகளில மட்டும்தான் இருக்கு, அதால இதை வடிவா செய்ய வேணும் எண்டு நினைக்கிறன்.

லப்டொப்ல லினக்ஸ் மின்ட் போட்டிருக்கு, 4 ஜிபி ராம், டிஸ்க் டிரைவ் இல்லாததால யூனிட்டி பிளாசாவில ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கினன். விசிடியைப் போட்டா ஃபோல்டர் எல்லாம் தெரியுது, எம்பெக்ஏவி எண்டுறதுக்குள்ள ஏவிசெக்01 டொட் டேட் எண்டு 600 எம்பிக்கு மேல ஒரு ஃபைலும் இருக்கு, ஆனா அதை இழுத்து டெஸ்க்டொப்ல போட்டா உடன இன்புட் அவுட்புட் எரர் எண்டு சொல்லி நிண்டுடுது. வேற விசிடி போட்டாலும் அதேதான். டிஸ்க் எல்லாம் பழுதாப் போச்சுதெண்டு அம்மா கவலைப்படுறா.

டிவிடி பிரச்சினை இல்லாம கொப்பி ஆகுது, செலுலொயிட் பிளேயர்ல பாக்கலாம், ஆனா ஆக்கள் கையை ஆட்டேக்க சீப்பு மாதிரி கோடு கோடா வருகுது, முகங்களும் கொஞ்சம் ஒடுங்கின மாதிரி கிடக்கு. ஒண்டை ஒரு கன்வேட்டர்ல போட்டு எம்பி4 ஆக்கி ரொறன்ரோவில இருக்கிற சித்தப்பாக்கு அனுப்பினன், அவற்ற ஃபோனில படம் வருதாம் சத்தம் இல்லையாம். எங்கட டிவியில அதே ஃபைல் சத்தத்தோட ஓடுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. அப்பா டிவியில பாக்க வேணும், சித்தப்பா ஃபோனில பாக்க வேணும், அவ்வளவுதான். தெரிஞ்ச ஆக்கள் சொல்லித் தாங்கோ.

டேர்மினல்_அண்ணை:

தம்பி முதல்ல அம்மாட்ட சொல்லுங்கோ டிஸ்க் பழுதாகேல்ல எண்டு. லினக்ஸ்ல எந்த விசிடியைப் போட்டு இழுத்தாலும் அந்த எரர் வரும், புத்தம்புது டிஸ்க்கா இருந்தாலும் வரும். காரணம் இதுதான், சாதாரண டேட்டா சிடியில ஒரு செக்டருக்கு 2048 பைட் தகவல் இருக்கும், மிச்ச இடத்தில பிழை திருத்திற தகவல் இருக்கும். விசிடியில வீடியோவுக்கு கூட இடம் வேணும் எண்டதுக்காக அந்தப் பிழை திருத்திற பகுதியைக் குறைச்சு செக்டருக்கு 2324 பைட் போடுவினம். ஃபைல் மனேஜருக்கு 2048 கணக்கில மட்டும்தான் வாசிக்கத் தெரியும், அதால அந்த டேட் ஃபைலைத் தொட்ட உடன எரர். விண்டோஸ்ல இழுத்தா வரும், ஏனெண்டா அங்க சிஸ்டம் தானாவே அந்த செக்டர்களை வேற மாதிரி வாசிச்சு ஒரு ஃபைல் மாதிரிக் காட்டும்.

செய்ய வேண்டியது, சொஃப்ட்வெயார் மனேஜர்ல விசிடிஇமேஜர் எண்டு தேடி இன்ஸ்டோல் பண்ணுங்கோ, அதோட விசிடிஎக்ஸ்ரிப் எண்டு ஒரு கமாண்ட் வரும். வெறும் ஃபோல்டர் ஒண்டைத் திறந்து அதுக்குள்ள டேர்மினலைத் திறந்து, விசிடிஎக்ஸ்ரிப் அடிச்சு, இடம் விட்டு, ரெண்டு ஹைபன் போட்டு சிடிரொம் ஹைபன் டிவைஸ், பிறகு சமன் அடையாளம், பிறகு டிரைவின்ர பாதை, அது கூடுதலா ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்ஆர்0 எண்டுதான் இருக்கும். என்டர் தட்டிட்டு இருங்கோ, டிஸ்க் சுத்தி முடிய ஏவிசெக்01 டொட் எம்பிஜி எண்டு ஃபைல் வரும். அதுதான் உங்கட அசல், எந்தத் தரமும் குறையாம டிஸ்க்கில இருந்தது அப்பிடியே வந்திருக்கும். கொப்பி எடுக்காம சும்மா பாக்க மட்டும் எண்டா விஎல்சியில ஓப்பன் டிஸ்க் குடுத்து விசிடி எண்டதைத் தெரிவு செய்தாக் காணும்.

அடுத்தது முக்கியமான விசயம். கன்வேட் பண்ண முதல் ஃபைலுக்குள்ள என்ன கிடக்கெண்டு பாருங்கோ. எஃப்எஃப்எம்பெக் எண்ட வீடியோ மாத்திற கமாண்டை இன்ஸ்டோல் பண்ணினா எஃப்எஃப்புரோப் எண்டது கூடவே வரும், அதுக்குப் பக்கத்தில ஃபைல் பேரை அடிச்சா வீடியோ என்ன கோடெக் (அதாவது எந்த முறையில சுருக்கினது), ஓடியோ என்ன கோடெக், அகலம் உயரம் எல்லாம் சொல்லும். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் வெளிப்பெட்டி மட்டும்தான், உள்ளுக்க இருக்கிற எச்264, எம்பெக்2, ஏஏசி, ஏசி3 இதுகள்தான் ஓடுதா ஓடேல்லையா எண்டதைத் தீர்மானிக்கிறது. சித்தப்பான்ர ஃபோனில சத்தம் வராததுக்கும் இதுதான் காரணமா இருக்க வேணும், டிவிடியில ஓடியோ அநேகமா ஏசி3, உங்கட கன்வேட்டர் படத்தை மாத்திட்டு ஓடியோவை அப்பிடியே விட்டிருக்கும், டிவி ஏசி3யை வாசிக்கும், கன ஃபோன் வாசிக்காது.

அதுக்கு முழுசா திருப்பி கன்வேட் பண்ணத் தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக், ஹைபன் ஐ, ஃபைல் பேர், பிறகு ஹைபன் சி கோலன் வி இடம் விட்டு காப்பி, ஹைபன் சி கோலன் ஏ இடம் விட்டு ஏஏசி, கடைசியா புது ஃபைல் பேர். படம் தொடப்படாது, சத்தம் மட்டும் மாறும், உங்கட 4 ஜிபி லப்டொப்லயும் ரெண்டு மூண்டு நிமிசத்துக்குள்ள முடியும். இந்தக் காப்பி எண்ட சொல்லை மறக்காதைங்கோ, மாத்தத் தேவையில்லாததை மாத்தாம விடுறதுதான் இதில பாதி வேலை. ஒவ்வொரு முறை என்கோட் பண்ணேக்கையும் கொஞ்சம் தரம் போகும், அது திரும்பி வராது.

கொட்டாஞ்சேனை_அக்கா:

டிவிடி பக்கம் நான் சொல்றேன், எங்க வீட்டு ஃபங்ஷன் வீடியோ எல்லாம் இப்படித்தான் பண்ணினேன். டிஸ்க்குக்குள்ள வீடியோ இருக்கிற விஓபி ஃபைலை ஒண்ணொண்ணா எடுக்காதீங்க, ஒரே வீடியோவத்தான் ஒரு ஜிபி ஒரு ஜிபியா வெட்டி வச்சிருக்கும், தனித்தனியா மாத்தினா நடுவுல தாலி கட்டுற இடத்திலயே அறுந்து போகலாம். ஹேண்ட்பிரேக் எண்ட கன்வேட்டரைப் போடுங்க, அதுல வீடியோ டிஎஸ் ஃபோல்டரை அப்படியே திறந்தா முழுசும் ஒரே டைட்டிலா காட்டும். ஸ்டூடியோ எழுதின டிஸ்க்ல லொக் ஒண்ணும் இருக்காது, கடையில வாங்கின படம் எண்டாத்தான் அந்தத் தலையிடி.

அந்த சீப்புக் கோடு பத்தி. நம்ம நாட்டு டிவி, கேமரா எல்லாம் அப்ப பால் முறை, செக்கனுக்கு 25 படம், ஆனா ஒவ்வொரு படமும் ரெண்டு பாதி, ஒற்றை வரி ஒரு நேரம், இரட்டை வரி அடுத்த நேரம். பழைய டியூப் டிவியில அது அழகா தெரியும், லப்டொப் ஸ்கிரீன்ல ரெண்டு பாதியையும் ஒண்ணா காட்டும்போது கை ஆடுற இடத்தில கோடு வரும். ஹேண்ட்பிரேக்ல ஃபில்டர்ஸ் பக்கத்தில டீஇன்டர்லேஸ் இருக்கு, அதுல பிடபிள்யூடிஃப் எண்டதை எடுத்து பிரிசெட்டை பொப் எண்டு வைங்க, அப்ப ரெண்டு பாதியையும் தனித்தனிப் படமாக்கி செக்கனுக்கு 50 படம் வரும், ஃபிரேம்ரேட் 25ல பூட்டி இருந்தா அதையும் மாத்துங்க. டான்ஸ், பூ எறியிறது இதெல்லாம் ரொம்ப மென்மையா ஓடும். ஃபைல் கொஞ்சம் பெருசாகும், பரவாயில்ல. விசிடிக்கு இது வேணாம், அது எம்பெக்1, 352க்கு 288, அதுல இந்த இன்டர்லேஸ் கதையே இல்ல.

முகம் ஒடுங்கறது ஏன் எண்டா டிவிடி படம் 720க்கு 576, அதுல ஒவ்வொரு புள்ளியும் சதுரம் இல்ல, கொஞ்சம் அகலம். அதைக் கவனிக்காத சொஃப்ட்வெயார் சதுரம் எண்டு நினைச்சுப் போடும். டைமென்ஷன்ஸ் பக்கத்தில அனமோர்ஃபிக் எண்ட இடத்தை ஓட்டோல விட்டுட்டு காட்டுற அளவு 4க்கு 3 தானா எண்டு பாருங்க, பிளேயர்ல 768க்கு 576 அளவுல விரிஞ்சு வரணும். ஒரு இடத்தில நிறுத்தி தாம்பாளத் தட்டு வட்டமா தெரியுதா எண்டு பாருங்க, முட்டை வடிவமா இருந்தா பிழை.

மற்ற செட்டிங்: வீடியோ எச்264, ஆர்எஃப் (தரத்துக்கான எண்) 19 அல்லது 20, பிரிசெட் ஸ்லோ, ஓடியோ ஏஏசி 160, பெட்டி எம்பி4, வெப் ஒப்டிமைஸ்ட் டிக் போடுங்க. எச்265 போட்டா சைஸ் குறையும் எண்டு ஆசை காட்டுவாங்க, பழைய டிவி அதை ஓட்டாது, வேணாம். அப்புறம் டிவிக்குப் போடுற பென் டிரைவ் ஃபேட்32 எண்டா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது.

ரெகோட்_நானா:

அக்கா சொன்னதும் அண்ணன் சொன்னதும் சரி, நான் ஒண்ட மட்டும் அழுத்திச் சொல்றேன் தம்பி, எம்பி4 ஆக்கினதோட டிஸ்கத் தூக்கி எறிஞ்சிராதீங்க, டிவிடி எண்டா முழு டிஸ்கையும் ஐஎஸ்ஓ ஃபைலா எடுத்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க, விசிடி எண்டா அந்த எம்பிஜி ஃபைலயே வைங்க, எம்பி4 எண்டது பார்க்கிறதுக்கு மட்டும். இன்னும் நல்ல டீஇன்டர்லேஸ் முறை வந்தா ஐஎஸ்ஓ இருக்கிறவன் திரும்பச் செய்யலாம், எம்பி4 மட்டும் இருக்கிறவனுக்கு ஒண்டும் செய்யேலாது. கடல் பக்க ஈரமும் சூடும் வீட்டுல எழுதின டிஸ்க்குக்கு ஆகவே ஆகாது, வெள்ளவத்தையில பீரோக்குள்ள இருக்கிறதுகள நாளைக்கு நாளைக்கு எண்டு தள்ளாதீங்க.

கீறல் விழுந்த டிவிடி இருந்தா ஜிடிடிரெஸ்கியூ இன்ஸ்டோல் பண்ணுங்க. அது முதல்ல லேசா வாசிக்கிற பகுதிய எல்லாம் எடுத்துட்டு, பிறகு கஷ்டமான இடங்களுக்குத் திரும்பப் போய் திரும்பத் திரும்ப வாசிச்சுப் பார்க்கும். மேப் ஃபைல் ஒண்டும் எழுதச் சொல்லுங்க, அப்பத்தான் நடுவுல நிப்பாட்டிட்டு அடுத்த நாள் விட்ட இடத்துல இருந்து ஓடவிடலாம், வேற டிரைவ் ஒண்டுல போட்டும் மிச்சத்த எடுக்கலாம். இது டிவிடிக்கு. விசிடிக்கு அண்ணன் சொன்ன செக்டர் பிரச்சினையால இது சரிவராது.

கசற்றும் கிடக்கா? முந்தி வெளிநாட்டுல இருக்கிற ஆக்கள் கடிதத்துக்குப் பதிலா பேசி அனுப்பின கசற், எங்கட வாப்பா சவூதில இருந்து அனுப்பினது எங்கட்ட இரிக்கி. அதுக்கு ஓடாசிட்டி எண்ட ரெகோடிங் சொஃப்ட்வெயார் போதும். பிளேயர்ட லைன் அவுட்ட கம்பியூட்டர்ட லைன் இன்ல குத்துங்க, மைக் ஓட்டைல வேணாம், சத்தம் கிழிஞ்சு போகும். லெவல் மைனஸ் 6க்கு மேல போகாம வச்சு தரம் குறையாத ஃபிளாக் ஃபைலா சேவ் பண்ணுங்க. அனுப்புறதுக்கு ஓபஸ், வாட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜ் எல்லாம் அதுதான், பேச்சுக்கு அது மாதிரி வேற ஒண்டும் இல்ல, சின்ன ஃபைல்லயே குரல் தெளிவா நிக்கும்.

ஹம்டன்_லேன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. விசிடிஎக்ஸ்ரிப் வேலை செய்யுது, அம்மா அப்பான்ர கலியாணம் முழுசும் வந்திட்டுது! சித்தப்பாக்கும் சத்தத்தை மட்டும் மாத்தி வாட்ஸ்அப்ல டொகுமெண்டா அனுப்பினன், இப்ப கேக்குதாம்.

இன்னொரு கேள்வி, அம்மா பாக்கேக்க இது பெரிய மாமி, இது பருத்தித்துறை சித்தி, இவர் அப்பான்ர ஒஃபீஸ் நண்பர் எண்டு ஒவ்வொருத்தரா சொல்லுறா, எனக்கும் அக்காக்கும் பாதிப்பேரைத் தெரியாது. அந்தப் பேர்களை வீடியோவுக்குக் கீழ தமிழ்ல போடலாமா? ஒருக்கா போட்டுப் பாத்தன், லப்டொப்ல சரியா வருகுது, டிவியில கொம்பு கால் எல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு நிக்குது.

டேர்மினல்_அண்ணை:

தம்பி நல்ல வேலை, அதைக் கட்டாயம் செய்யுங்கோ, அம்மா சொல்லச் சொல்ல இப்பவே எழுதுங்கோ. எஸ்ஆர்டி எண்ட சப்டைட்டில் ஃபைல்தான், மின்ட்ல இருக்கிற எக்ஸெட் எடிட்டரே காணும். இப்பிடி இருக்கும்:

1
00:12:05,000 --> 00:12:09,500
மணவறைக்கு இடப்பக்கம் பெரிய மாமி

2
00:12:31,000 --> 00:12:36,000
குத்துவிளக்கு ஏத்திறது பருத்தித்துறை சித்தி

செக்கனுக்குப் பிறகு கொமா, புள்ளி இல்லை. ஒவ்வொண்டுக்கும் இடையில ஒரு வெறும் வரி. யுனிகோட்ல அடியுங்கோ, பழைய பாமினி ஃபொன்ட்டில அடிச்சா எந்தப் பிளேயரும் தமிழாக் காட்டாது. ஃபைலுக்கு வீடியோவின்ர பேரையே வைச்சு அதே ஃபோல்டர்ல போட்டா செலுலொயிட், விஎல்சி ரெண்டும் தானாவே எடுக்கும்.

டிவியில பிரியிறதுக்குக் காரணம் அந்த டிவிக்கு தமிழ் எழுத்துகளை ஒழுங்காச் சேர்க்கத் தெரியாது, ஃபொன்ட் மாத்தவும் விடாது. அதுக்கு ஹேண்ட்பிரேக்ல சப்டைட்டில் பக்கத்தில எஸ்ஆர்டியை இம்போர்ட் பண்ணி பேர்ன் இன் டிக் போடுங்கோ, எழுத்து படத்திலயே பதிஞ்சிடும், டிவி ஃபோன் எல்லாத்திலயும் ஒரே மாதிரி வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபொன்ட் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. பதிக்கிறதெண்டா படம் திருப்பி என்கோட் ஆகும், அதால ஏற்கனவே ஆக்கின எம்பி4ல இருந்து செய்யாம எம்பிஜி, ஐஎஸ்ஓ அசல்ல இருந்தே செய்யுங்கோ. அசலையும் எஸ்ஆர்டியையும் ஒரே எம்கேவிக்குள்ள காப்பி முறையில சேர்த்து இன்னொண்டு வைச்சிருங்கோ, பிறகு ஒரு பேர் பிழையெண்டு அம்மா சொன்னா அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போடலாம்.

ஹம்டன்_லேன்:

சரி அண்ணை, இண்டைக்கு இரவே அம்மாவோட இருந்து எழுதத் தொடங்குறன். ரெகோட் நானா, கசற்றும் ரெண்டு மூண்டு கிடக்கு, லப்டொப்ல லைன் இன் ஓட்டை இல்லை, ஒரே ஒரு ஹெட்ஃபோன் ஓட்டைதான் இருக்கு, என்ன செய்யலாம்?

ரெகோட்_நானா:

அந்த ஓட்டைல குத்தாதீங்க, அது ஹெட்செட் மைக்குக்கு, ஒரு பக்கச் சத்தம்தான் வரும். லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒண்டு வாங்குங்க, மைக் அடையாளம் மட்டும் போட்டது வேணாம், லைன் இன் ஸ்டீரியோ எண்டு பெட்டில இருக்கா பார்த்து வாங்குங்க. லினக்ஸ்ல அதுக்கு டிரைவர் அநேகமாத் தேவைப்படாது, குத்தின உடனே ஓடாசிட்டிட ரெகோடிங் டிவைஸ் லிஸ்ட்ல வரும். வராட்டி ஓடாசிட்டிய மூடித் திறந்து பாருங்க.