மறு: மறு: இழைகளைக் காற்று பின்னும் இடத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,
பாலிடெக்னிக் ஜவுளிப் பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாலியெஸ்டர் பல்லிழை நூலில் முறுக்கும் கஞ்சியும் இல்லாமலே இழைகள் பிரியாதிருக்கக் காற்றடிக்கும் 'இன்டர்மிங்கிளிங்'குக்கும், அதில் இழைகள் பின்னி இறுகும் புள்ளியான 'நிப்'புக்கும் தமிழ்ச்சொல் வேண்டும். 'காற்று முடிச்சு' சரிவருமா?
– செ.

> காற்று முடிச்சு

முடிச்சு வேண்டாம் ஐயா. முடிச்சென்றால் நுனி வளையத்துக்குள் நுழைந்து வர வேண்டும். இங்கே நூல் ஓடிக்கொண்டே இருக்கிறது, நுனி ஏது? நூல் ஓடும் குழலின் பக்கத்துளையில் பாயும் அழுத்தக் காற்று எதிர்ச்சுவரில் மோதி இரு சுழலாகப் பிரிகிறது. அடிபட்ட இடத்தில் இழைகள் விரிய, அதற்கு முன்னும் பின்னும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இழுத்தால் சில பிரிந்தும் போகும். நூலைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் விரிந்த பகுதி பரந்து நிற்கும், இடையிடையே இறுகிய புள்ளிகள் தெரியும். மூங்கிலுக்கு இருப்பதுபோல் 'கணு' என்போம். மீட்டருக்கு இத்தனை கணு என்று எண்ணவும் வசதி.
– ப.

மூங்கில் கணு புடைத்திருக்கும். இது ஒடுங்குகிறதே! 'ஒடுக்கு' பொருந்தும்.

செயலுக்குக் 'கால்பிணையல்' என்பேன். காற்றுக்கு வேர் 'கால்'. அது பிடிக்காவிட்டால் 'வளிப்பிணையல்'. 'வளிவழங்கும் மல்லன்மா ஞாலம்' குறளிலேயே இருக்கிறது. வளிமண்டலம் என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்கிறார்களே.
– தி.

அம்மா, 'கால்பிணையல்' என்று படிக்கிற பையன் யார் காலையோ கட்டுவதாகத்தான் நினைப்பான். 'ஒடுக்கு' பாத்திரத்தில் விழுவது. 'பிணை'யும் ஆகாது: அறுந்த இரு நுனிகளைக் காற்றால் சேர்க்கும் ஸ்பிளைசிங்குக்குப் பிணைப்பு என்று போன பாடத்திலேயே எழுதிவிட்டோம். இரண்டிலும் காற்று, இரண்டிலும் நூல். மாணவன் குழம்புவது உறுதி. 'காற்றுப் பின்னல்' போதும்.
– செ.

திருப்பூர்ப் பக்கம் பின்னல் என்றால் பனியன் துணி. அதே வகுப்பில் பின்னலாடையும் நடத்துவீர்களே, அப்போது என்ன செய்வீர்கள்? 'இழைக்கோவை' என்று பாருங்கள்.
– ப.

கோவையில் உட்கார்ந்துகொண்டு இழைக்கோவை என்றால் ஊர்ப்பெயர்தான் முன்னால் நிற்கும். அப்புறம், கோப்பது வரிசையாக நடப்பது, மணி கோப்பதுபோல. இது தாறுமாறான பின்னல். மில்லில் எல்லோரும் இன்டர்மிங்கிள் என்கிறார்கள், அதையே தமிழில் எழுதிவிட்டால்தான் என்ன?
– கு.

கூடாது. இன்று இதை விட்டால் அடுத்த பாடத்தில் எல்லாவற்றையும் விட வேண்டியிருக்கும்.
– தி.

நாலு பேர் கணுவுக்குச் சரி என்றுவிட்டார்கள், அதைப் போட்டுவிடுகிறேன். செயலுக்குக் 'காற்றுப் பின்னல்', முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் இன்டர்மிங்கிளிங். நாளைக் காலை கோப்பு போகிறது.
– செ.

கணுவுக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மறுபடியும் கேட்பேன்.
– தி.