சப்-பிரைம் கடனின் அளவு சிறியது. அது உலகெங்கும் வங்கிகளைச் சாய்த்தது எப்படி?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலைப் பொருளியல் மாணவி. வகுப்பில் 2008 உலக நிதி நெருக்கடியைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வேண்டியிருப்பதால் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டேன். 2000 மார்ச் முதல் 2002 அக்டோபர் வரை அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு முக்கால் பங்குக்கு மேல் சரிந்து, ஏறத்தாழ 5 லட்சம் கோடி டாலர் மதிப்பு கரைந்தது. ஆனாலும் அதனால் வங்கிகள் மூழ்கவில்லை. 2007இல் நிலுவையிலிருந்த சப்-பிரைம் வீட்டுக்கடன் (கடன் வரலாறு பலவீனமானவர்களுக்குக் கூடுதல் வட்டியில் கொடுத்த கடன்) மொத்தமும் 1.3 லட்சம் கோடி டாலர் அளவுதான். அதிலும் ஒரு பகுதியே வாராக்கடனாயிற்று. பெரிய நட்டத்தைத் தாங்கிய உலகம் சிறிய நட்டத்தில் ஏன் விழுந்தது? தகுதியில்லாதவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள், அவர்கள் கட்டவில்லை என்ற வழக்கமான விளக்கம் இந்தக் கேள்விக்குப் போதவில்லை. இன்னொரு முறை அப்படி வருமா, வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய கணக்கர்:

நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள், அம்மா. வங்கியில் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நட்டம் எவ்வளவு என்பதைவிட, நட்டமானது யாருடைய பணம் என்பதே இங்கு முக்கியம். பங்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் கைப்பணத்தைப் போட்டிருந்தார்கள். விலை விழுந்தபோது அவர்கள் இழந்தார்கள், ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் அவர்கள் வாசலில் வந்து நிற்கவில்லை. வீட்டுக்கடன் பத்திரங்களைக் குவித்து வைத்திருந்த நிறுவனங்களோ அவற்றைக் கடன் வாங்கி வாங்கியிருந்தன. அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் தன் சொந்த மூலதனம் 1 டாலருக்கு ஏறத்தாழ 30 டாலர் சொத்து வைத்திருந்தது. அந்தச் சொத்தின் மதிப்பு நூற்றுக்கு மூன்றரை இறங்கினாலே சொந்தப் பணம் முழுவதும் போய்விடும். அந்தக் கடனிலும் கணிசமான பகுதி இன்று வாங்கி நாளை புதுப்பிக்க வேண்டிய ஓரிரவுக் கடன்.

கடன் எப்படிக் கெட்டது என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அன்று பரவலாக விற்கப்பட்ட திட்டத்தில் முதல் 2 ஆண்டுகளுக்கு நிலையான வட்டி, மீதி 28 ஆண்டுகளுக்குச் சந்தையோடு ஏறி இறங்கும் வட்டி. 2 லட்சம் டாலர் கடனுக்கு 7 விழுக்காட்டில் மாதத்தவணை ஏறத்தாழ 1,330 டாலர். இரண்டாண்டு முடிந்து வட்டி 10 விழுக்காடானால் தவணை 1,740 டாலரைத் தொடும். சம்பளம் அதே சம்பளம். அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் 2003இல் 1 விழுக்காட்டுக்கு இறக்கியிருந்த வட்டியை 2006 நடுவில் 5.25 விழுக்காட்டுக்கு ஏற்றிவிட்டிருந்தது. வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தவரை பழைய கடனைப் புதுக்கடன் வாங்கி அடைத்துச் சமாளித்தார்கள். 2006இல் விலை உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது.

கடன் கேட்டு வருபவரின் சம்பளச் சீட்டை மூன்று முறை புரட்டிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் கட்டாவிட்டால் என் கையெழுத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலோ தரகருக்குக் கையெழுத்தான அன்றே கமிஷன். கடன் கொடுத்த நிறுவனம் சில வாரங்களில் அதை வால் ஸ்ட்ரீட்டின் பெரிய நிதி நிறுவனங்களுக்கு விற்றுவிடும். அங்கே ஆயிரக்கணக்கான கடன்களைச் சேர்த்து, நட்டம் வந்தால் அடித்தட்டு முதலில் ஏற்கும், மேல்தட்டு கடைசியில் ஏற்கும் என்று பிரித்துப் பத்திரமாக்கினார்கள். மேல்தட்டுக்கு ‘ஏஏஏ’ என்ற மிக உயர்ந்த பாதுகாப்புத் தரம். விலைபோகாத நடுத்தட்டுகளையும் மறுபடி ஒன்றுசேர்த்துப் பிரித்து, அதில் பெரும்பகுதிக்கும் ‘ஏஏஏ’ வாங்கினார்கள். தரம் போட்ட நிறுவனங்களுக்குக் கட்டணம் கொடுத்தவர் பத்திரத்தை விற்றவரே. நாடு முழுவதும் ஒரே சமயத்தில் வீட்டு விலை இறங்காது என்ற நம்பிக்கையின் மேல்தான் இத்தனையும் நின்றது.

யாரிடம் எவ்வளவு நட்டம் இருக்கிறது என்று தெரியாதபோது, எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம் வரும். 2007 ஆகஸ்ட் 9 அன்று பிரான்சின் பிஎன்பி பரிபா, சொத்துகளை மதிப்பிட முடியவில்லை என்று சொல்லி மூன்று நிதியங்களிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்திவைத்தது. அடுத்த மாதம் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசல்களில் டெபாசிட்தாரர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வங்கியின் தொழில் உள்நாட்டு வீட்டுக்கடன். அமெரிக்க சப்-பிரைமால் அது நொடிக்கவில்லை. அதன் பொறுப்புகளில் பொதுமக்கள் டெபாசிட் கால் பங்குக்கும் குறைவு. மற்றதெல்லாம் பெரும்பாலும் சந்தையில் திரட்டிய பணம். சந்தை கையை மூடியதும் வங்கி நின்றுபோயிற்று. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

2008 செப்டம்பரில் நடந்தவற்றை நீங்கள் படித்திருப்பீர்கள்: 15ஆம் தேதி லேமன் திவால் மனு, மறுநாள் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கடன். அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அவற்றின் சொத்து அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. 2009இல் உலக வணிகம் அளவில் 12 விழுக்காடு சுருங்கியது.

ஸ்டாக்டனில் இருந்தவன்:

2008இல் வேலை நிமித்தம் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தேன். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீடுகளின் கதவுப்பிடிகளில், கடன் கட்டாததால் வங்கி கைப்பற்றியதற்கு அடையாளமாக, வங்கியின் சாவிப்பெட்டி தொங்கிற்று. தண்ணீர் விட ஆளில்லாமல் முன்புறப் புல் வைக்கோல் நிறமாயிற்று. பின்புற நீச்சல்குளங்களில் பாசி படிந்து கொசு பெருகவே, புழுவைத் தின்னும் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். அந்த வீட்டை அவர் 1990களிலேயே வாங்கியிருந்தார். விலை ஏறிய நாளில் மனைவியின் மருத்துவச் செலவுக்காக வீட்டின் மேல் மறுகடன் வாங்கினார், தவணை ஏறியதும் கட்ட முடியவில்லை. சப்-பிரைம் கடன்களில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட மறுகடன்களே என்பதைத் ‘தகுதியில்லாதவர்கள்’ என்று எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அவர் காலிசெய்த நாளில் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போனதை என்னால் மறக்க இயலவில்லை. 2012இல் அந்த நகராட்சியே திவால் பாதுகாப்பு கேட்டது.

டப்ளின்வாசி:

பழைய கணக்கர் ஐயா சொன்னதில் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. கடனைக் கொடுத்தவர் விற்றுவிட்டதால்தான் அக்கறை போயிற்று என்றால், அயர்லாந்துக்கு அது பொருந்தவில்லை. இங்கே வங்கிகள் மனை, கட்டுமான நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்களைப் பெரும்பாலும் தம் ஏட்டிலேயே வைத்திருந்தன. நட்டம் வந்தால் தமக்கே என்று தெரிந்தும் கொடுத்தன. வீட்டு விலை பாதியாயிற்று. 2008 செப்டம்பர் 30 அன்று வங்கிகளின் கடன் பொறுப்புகளுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்ததால் வங்கியின் கடன் மக்களின் கடனாக மாறி, 2010 நவம்பரில் நாடே வெளியிலிருந்து நிதியுதவி கேட்க வேண்டி வந்தது. கூரை வேய்ந்து, சன்னல் பொருத்தாமல் விட்ட வீடுகள் நிறைந்த குடியிருப்புகளைக் கடந்துதான் பல ஆண்டுகள் வேலைக்குப் போய்வந்தேன்.

பழைய கணக்கர்:

மறுப்பை ஏற்கிறேன். அக்கறை இன்மைக்குப் பத்திரமாக்கல் ஒரு காரணம் மட்டுமே. விலை இறங்காது என்ற நம்பிக்கை ஏட்டிலேயே கடனை வைத்திருப்பவரையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஐரிஷ் வங்கிகளும் வெளிநாட்டுச் சந்தையில் குறுகிய காலத்துக்கு வாங்கி நீண்ட காலத்துக்குக் கொடுத்தவைதாம். இரு நாட்டுக் கதையும் சேரும் இடம் அதுவே.

அடுத்தது எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் அங்கிருந்தே பார்க்கிறேன். கடன் வாங்குபவரின் திருப்பிச் செலுத்தும் திறனைச் சரிபார்த்தாக வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கிகளின் மூலதனமும் கூடியிருக்கிறது. இவை மெய்யான முன்னேற்றங்கள். ஆனால் 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது அங்கே வாராக்கடன் பிரச்சினையே இல்லை. அரசின் பின்பலமுள்ள நீண்டகாலப் பத்திரங்களின் விலை வட்டி ஏறியதால் இறங்கியது. காப்பீட்டு வரம்பான இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் பணம் வைத்திருந்தவர்கள் கைபேசியிலிருந்தே ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுத்தார்கள். இன்று அமெரிக்க வீட்டுக்கடனில் பெரும்பகுதியைக் கொடுப்பவை டெபாசிட் வாங்காத நிறுவனங்கள்; வங்கிகள் கொடுக்கும் குறுகியகாலக் கடனை நம்பியே அவை இயங்குகின்றன. என் கவலை அவற்றின் மேல்தான்.

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. கட்டுரையை லேமனிலிருந்து தொடங்க எண்ணியிருந்தேன். இப்போது நார்தர்ன் ராக் வாசலில் நின்ற வரிசையிலிருந்து தொடங்கப் போகிறேன். ஐயா சொன்ன, டெபாசிட் வாங்காத கடன் நிறுவனங்கள் நம் நாட்டிலும் வீட்டுக்கடன் கொடுக்கின்றன அல்லவா? 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தன் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியபோது அவற்றுக்கும் குறுகியகாலக் கடன் கிடைப்பது அரிதானதாகப் படித்திருக்கிறேன். அதை அடுத்த இழையில் கேட்கிறேன்.