புதுப்பிப்பு: ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயு, அமில அளவு பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட், வென்டிலேட்டர் எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தேன்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. குழந்தைக்காக மூன்று வருடம் வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் பெரியவர்கள் ஐசியூவில் நர்ஸாக மறுபடி சேர்ந்தேன், எல்லாம் மறந்துவிட்டது என்று எழுதியிருந்தேன்.

ஆன்லைன் வகுப்பு சரிவரவில்லை. நைட் டியூட்டி முடித்துத் தாம்பரம் ரயிலில் ஏறினாலே தூக்கம்தான். பலன் தந்தது, வார்டில் வரும் ரிப்போர்ட்டையே தினமும் ஒன்று எடுத்து, டாக்டர் குறிப்பைப் பார்க்காமல் நாமே எழுதிப் பார்க்கச் சொல்லி இங்கே பதில் போட்ட ஒரு அக்காவின் யோசனை. முதலில் பிஹெச் (ரத்தத்தின் அமில, கார அளவு) 7.35–7.45-க்குள் இருக்கிறதா, அடுத்து கார்பன் டை ஆக்சைடு 35–45, அப்புறம் பைகார்பனேட் 22–26. ஆறு வாரத்தில் கைவந்துவிட்டது.

எதிர்பார்க்காதது ஒன்று. ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரெனக் கடுமையாகப் பாதிக்கப்படும் நிலை) நோயாளிக்கு டைடல் வால்யூம், அதாவது வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்றின் அளவு, கிலோவுக்கு 6 மில்லி என்று தெரியும், ஆனால் அந்தக் கிலோ தராசு காட்டும் எடை அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. 152 செ.மீ. உயரமுள்ள பெண் 80 கிலோ இருந்தாலும் கணக்குக்கு 45 கிலோதான், அதாவது சுமார் 270 மில்லி. எங்கள் ஐசியூவில் உயரத்தைக் குறிக்கும் வழக்கமே இல்லை. பொறுப்பு சிஸ்டரிடம் சொன்னேன். இப்போது அட்மிஷன் அன்றே டேப் வைத்து அளக்கிறோம், அதில் எனக்கு அவ்வளவு நிறைவு.