ஜப்பான் வெண்கல யானை: அசல்தானா? பச்சைப் பொடிக்கு என்ன செய்வது?

குடந்தைவாசி:
கும்பகோணத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு யானை விலைக்கு இருக்கிறது. முதுகில் ஒரு புலி, காலடியில் ஒன்று. நீளம் 30 செ.மீ., எடை 3 கிலோ. வயிற்றில் சதுரக் கட்டத்துக்குள் ஜப்பானிய எழுத்து. கடைக்காரர் மெய்ஜி காலம் (1868–1912) என்கிறார். இவ்வளவு லேசாக இருப்பதால் துத்தநாக நகலோ என்று சந்தேகம். பின்னங்காலில் பச்சைப் பொடி வேறு. புளி போட்டுத் தேய்க்கலாமா?

மெழுகச்சு:
சார், எடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுவாமிமலை விக்ரகம் உள்ளே கெட்டியானது. அந்தக் கணக்கு இதற்கு ஒத்துவராது. ஜப்பானியர் களிமண் கருவின் மேல் மெழுகு கட்டி வார்த்தார்கள், உள்ளே கூடுதான். பாத ஓட்டை வழியே டார்ச் அடித்தால் சில உருவங்களில் கருகிய மண் ஒட்டியிருப்பது தெரியும். 1876-ல் வாள் அணியத் தடை வந்தபின் வாளுக்கு அணிவேலை செய்த கலைஞர் பலர் ஏற்றுமதிக்கு இப்படி மிருகங்கள் செய்ய வந்தார்கள். யானையைப் புலி தாக்குவது அன்று நன்றாக விலைபோன உரு.

பாதத்தின் அடியில் ஊசியால் சற்று ஆழமாகக் கீறுங்கள். மேலே செம்பு முலாம் இருக்கலாம், லேசான கீறல் ஏமாற்றும். மஞ்சளோ செம்மையோ தெரிந்தால் செம்புக் கலவை. வெளிறிய சாம்பல் என்றால் துத்தநாகம். முத்திரையை நம்ப வேண்டாம். அசலிலிருந்து அச்செடுத்தால் முத்திரையும் சேர்ந்தே வார்ந்துவிடும். தோல் சுருக்கங்களைப் பாருங்கள்: நகலில் கோடுகள் மழுங்கியிருக்கும், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் சற்றுக் குறையும்.

நாகைக்காற்று:
புளி கூடவே கூடாது! குத்துவிளக்குக்குச் சரி. இங்கே அந்தக் கரும்பழுப்பு நிறம் வேதிப்பொருளால் வேண்டுமென்றே ஏற்றியது; போனால் மதிப்பும் போச்சு. பொடி வெளிர்பச்சையாக உதிர்ந்தால் குளோரைடு அரிப்பு, அதாவது உப்பு ஏறி உலோகத்தைத் தின்பது. நம் பக்கத்து ஈரக்காற்றில், கடலோரத்தில் இன்னும் அதிகமாக, அது நிற்காது. மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்து, மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். தண்ணீரில் முக்கினால் உள்ளிருக்கும் மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும். பொடி திரும்ப வராது என்று உறுதியான பிறகு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லிசாகப் பூசினால் போதும். திரும்ப வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென வேதியியல் ஆய்வகமே இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

மெழுகச்சு:
காசு கொடுக்கும் முன் இன்னொன்று. கொம்பு தனியாகச் செருகியதா? இந்த யானைகளுக்கு அசல் தந்தம் வைப்பதுண்டு. உடைந்த முனையிலோ அடியிலோ லென்ஸ் வைத்துப் பாருங்கள், குறுக்கும் நெடுக்குமாக வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். எத்தனை பழசானாலும் அதை வாங்காதீர்கள்.