பதில்: கம்பளத்துல 'பைல்' (pile) = குவியலா?

> பைலுக்கு 'குவியல்', பைல் ஹைட்டுக்கு 'குவியல் உயரம்'னு வச்சிக்கலாமா?

ஐயா, குவியல் வேணாமே. நெல்லு குவிக்கிற பைல் வேற, கம்பளத்துல வர்ற பைல் வேற. இது லத்தீன்ல 'பிலுஸ்', அதாவது மயிர்ங்கற சொல்லுலேர்ந்து வந்தது, இங்கிலீஷ்ல எழுத்து ஒண்ணா போனதால வந்த வினை.

போன வருஷம் ஸ்ரீநகர்ல ஒரு தறிகிட்ட உக்காந்து பாத்தேன். பாவுல, அதாவது தறியில நீளவாட்டுல கட்டின நூல்ல, ரெண்டு இழையப் பிரிச்சு, கம்பளி நூல ஒண்ணுல முழுசா சுத்தி, பக்கத்து இழைக்குப் பின்னால விட்டு இழுத்து, கத்தியால சட்டுனு நறுக்கறாங்க, அவ்ளோதான் ஒரு முடிச்சு, நாம என்ன நடந்துச்சுன்னு யோசிக்கறதுக்குள்ள அடுத்தது விழுந்துடுது. எந்தக் கலர்ல எத்தனைங்கறத 'தாலீம்'னு ஒரு குறியீட்டுத் தாளப் பாத்து போடறாங்க, படம் எல்லாம் கிடையாது. ஒரு வரிசை முடிஞ்சதும் ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓட்டி சீப்பு மாதிரி ஒண்ணால அடிச்சு இறுக்கறாங்க. அந்தத் தறியில அங்குலத்துக்கு 18, அப்போ சதுர அங்குலத்துல 324 முடிச்சு. நறுக்கின நுனியெல்லாம் நெருக்கமா எழுந்து நிக்குதே, அதுதான் பைல். இதுல குவிஞ்சு கெடக்கறது எது?

நேரா 'மயிர்'னே போடலாம், சிலப்பதிகாரத்துல அறுவை வீதிக்கு, அதாவது துணிக்கடைத் தெருவுக்கு, வரும்போது 'நூலினும் மயிரினும்'னு இளங்கோ கூச்சமே படாம சொல்றார். ஆனா இன்னிக்கு கடையில 'மயிர் உயரம் 12 மிமீ'ன்னு சீட்டு ஒட்டினா அடிக்க வருவாங்க. 'துய்' (பஞ்சு மாதிரி மெல்லிசான நார்) நல்ல பழைய சொல்தான், ஃபோன்ல சொல்லிப் பாருங்க, மூணு தடவை திருப்பிச் சொல்லணும்.

நம்ம வீட்டுலயே சொல் கெடக்கு. டர்க்கி டவல என்னன்னு சொல்றோம்? தேங்காய்ப்பூத் துண்டு. துணிமேல நூல் எழும்பி நின்னா அது பூ, எங்கம்மா எந்த அகராதியும் பாக்காம சொல்லிடுவாங்க. அதனால பைல் = பூ, பைல் ஹைட் = பூ உயரம். (மொதல்ல 'பூநூல்'னு எழுதினேன், வாய்விட்டுப் படிச்சா பூணூல் ஆயிடுது, அடிச்சுட்டேன்.)

----

> பைல் = பூ

அண்ணே, 'பூக்கம்பளம்'னா பூ டிசைன் போட்டதுன்னுதான் எல்லாரும் படிப்பாங்க. அப்புறம் டஃப்டட்னு ஒண்ணு விக்கறானே, துப்பாக்கி மாதிரி மெஷினால கேன்வாஸ்ல நூலக் குத்தி, பின்னாடி பசை பூசி துணி ஒட்டினது, அதுலயும் பூ இருக்கு, முடிச்சுதான் இல்ல. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா வாங்கறவன் தலையிலதான் விடியும்.

----

வாஸ்தவம் தம்பி. அப்போ கம்பளத்தோட பேர்ல பூவ சேக்க வேணாம். கையால முடிச்சு போட்டது 'முடிச்சுக் கம்பளம்', டஃப்டட் 'குத்துக் கம்பளம்', நம்ம பவானி ஜமக்காளம் மாதிரி பாவும் ஊடையும் மட்டுமே இருக்கற கிலிம் வகையறா 'தட்டை நெசவு'. 'பூ உயரம்' மட்டும் விட மாட்டேன். 'குத்து' எனக்கே பிடிக்கல, சண்டைக்குப் போற மாதிரி இருக்கு, யாராச்சும் வேற சொல்லுங்கப்பா.