"விட்டு விட்டு வலிக்குது" என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் போன நாள்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

அங் மோ கியோவிலிருந்து

அம்மாவுக்கு 71 வயது. போன வருடம் ஒருநாள் விலாப்பக்கம் வலிக்கிறது என்று சொல்ல, இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். "விட்டு விட்டு வலிக்குதுடி, அதைச் சொல்லு" என்றார் அம்மா. நான் "சம்டைம்ஸ்" என்று சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டு, வாயுவுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

இரண்டாம் நாள் இரவு அம்மா கட்டிலில் சுருண்டு கிடந்தார். மறுபடி ஓடினோம். அங்கே ஒரு தமிழ்த் தாதி இருந்தார். அவர் அம்மாவிடம் நேராகவே கேட்டார்: "வலி வந்தா எவ்வளவு நேரம் நிக்குதும்மா? நடுவுல சுத்தமா விட்டுடுதா?" பத்து நிமிடம் உயிர் போகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை, அரைமணியில் மறுபடி வருகிறது என்றார் அம்மா. தாதி மருத்துவரிடம் ஒரே சொல்லில் சொன்னார்: "இன்டர்மிட்டென்ட்". ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க்குழாயில் கல்.

எப்போதாவது வரும் வலியும் அலை அலையாக வந்து போகும் வலியும் மருத்துவருக்கு ஒன்றல்ல. அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், கெடுத்தது நான். வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லின் வேரைத் தேடினேன். லத்தீனில் 'நடுவே விடுதல்' என்று பொருள். அம்மா சொன்ன 'விட்டு விட்டு' அதேதான்! அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதோடு நிற்காமல் மற்ற சொற்களையும் பார்த்தேன். ஸ்போராடிக் என்பது கிரேக்கத்தில் விதை தெளித்தாற்போலச் சிதறிக் கிடப்பது. அங்கொன்று இங்கொன்று, இன்றைக்கு ஒன்று, எப்போதோ இன்னொன்று. அதில் ஒழுங்கு கிடையாது. நாம் 'ஆடிக்கு ஒருநாள், அமாவாசைக்கு ஒருநாள்' என்போமே, அதற்குக் கிட்டத்தில் வரும். பீரியாடிக் என்றால் கணக்கு வைத்து வருவது. மலேரியாவில் ஒருவகை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். நம் பாட்டிமார் அதை முறைக்காய்ச்சல் என்றே சொல்லிவைத்திருக்கிறார்கள். எவ்வளவு துல்லியம் பாருங்கள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து

அக்கா, நான் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். புளோக்கின் வெளிச்சுவரைப் பார்க்கப் போகும்போது பெரியவர்கள் பிடித்துக்கொள்வார்கள். "பீரியாடிக் இன்ஸ்பெக்‌ஷன்னு போட்டிருக்கு, போன வருஷம் முழுக்க ஆளையே காணோமே, தம்பி?" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு 'அடிக்கடி' என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் 2022 முதல் உள்ள விதிப்படி, 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 வருடத்துக்கு மேல் வயதும் உள்ள கட்டடங்களுக்கு இந்தச் சோதனை 7 வருடத்துக்கு ஒருமுறை. குடியிருப்புக் கட்டடங்களின் அமைப்பு உறுதியைப் பார்க்கும் சோதனையோ 10 வருடத்துக்கு ஒருமுறை. இடைவெளி நீளமானாலும் அது பீரியாடிக்தான். இப்போதெல்லாம் நான் அறிவிப்புப் பலகையில் கை வைத்து, "குறித்த காலத்துக்கு ஒருமுறை" என்று தமிழில் படித்துக் காட்டிவிடுவேன். உடனே புரிந்துவிடும்.

ஈசூனிலிருந்து

எனக்கு பை-வீக்லியால் பணம் போனது. மகளுக்கு டியூஷன். ஒப்பந்தத்தில் அந்தச் சொல்தான். வாரம் இரண்டு வகுப்பு என்று நினைத்து ஒரு பருவத்துக்கான தொகையைக் கட்டினேன். ஆசிரியர் வந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சண்டை போடலாம் என்று அகராதியைத் திறந்தால் இரண்டு பொருளும் இருக்கிறது! நம் பத்திரிகைகள் 'வாரம் இருமுறை', 'மாதம் இருமுறை' என்று அட்டையிலேயே தெளிவாகப் போடும். அந்தத் தெளிவு அங்கே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதைப் பிரிட்டிஷ் வழக்கில் ஃபோர்ட்நைட்லி என்று எழுதினால் சிக்கல் தீரும்.

பையானுவல், பையென்னியல் இரண்டும் அப்படித்தான் குழப்பும். முன்னது வருடத்துக்கு இருமுறை, பின்னது இரு வருடத்துக்கு ஒருமுறை. சிங்கப்பூர் விமானக் கண்காட்சி 2008 முதல் இரட்டைப்படை வருடங்களில் வருகிறது, அதை வைத்து நான் நினைவில் வைத்திருந்தேன். சிங்கப்பூர் பியனாலே கலைவிழாவை உதாரணம் காட்டாதீர்கள். பெயரே 'ஈராண்டு' என்றுதான், ஆனால் 2006, 2008, 2011, 2013, 2016, 2019, 2022 என்று இரண்டும் மூன்றுமாக வந்திருக்கிறது. மகள் இதைக் காட்டி என்னை மடக்கிவிட்டாள்.

தேக்கா பக்கத்திலிருந்து

நான் மொழிபெயர்ப்பாளர். என் தலைவலி ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல். 2018 ஜூன் 12 அன்று செந்தோசாவில் டிரம்ப், கிம் சந்திப்பு நடந்தபோது ஒரு வரைவில் 'வரலாற்றுச் சந்திப்பு' என்று எழுதினேன். எங்கள் மூத்தவர் திருத்தினார்: "ஏதோ பழைய காலத்துச் சந்திப்பு மாதிரி இருக்கே. 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று போடுங்க." ஆங்கிலத்திலும் அதே பிரிவுதான். பழங்காலம் சார்ந்ததெல்லாம் ஹிஸ்டாரிக்கல். வரலாற்றில் தடம் பதித்ததுதான் ஹிஸ்டாரிக். என் அப்பாவின் பழைய வாடகைச் சீட்டு முதல் வகை. சிங்கப்பூர் தனி நாடான 1965 ஆகஸ்ட் 9 இரண்டாவது வகை. லிட்டில் இந்தியாவை நகர்ப்புற மறுசீரமைப்பு ஆணையம் ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட் என்று வகைப்படுத்தியிருக்கிறது. அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

மொமென்டஸ் என்பதை 'கணநேர' என்று பெயர்த்த ஒரு வரைவும் என் கைக்கு வந்தது. அர்த்தம் தலைகீழ். கணம் என்று பொருள்படுவது மொமென்டரி. மொமென்டஸில் இருப்பது தராசு முள்ளை நகர்த்தும் எடை. 'கனமான முடிவு' என்று சொல்கிறோமே, அந்தக் கனம்.

அங் மோ கியோவிலிருந்து (மறுபடியும்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவை மறுபரிசோதனைக்குப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனேன். கல் போய்விட்டது. வலி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா அவர் முகத்தைப் பார்த்து, தானே மனப்பாடம் செய்துவைத்திருந்ததைச் சொன்னார்: "நோ இன்டர்மிட்டென்ட், டாக்டர்."